புள்ளியும் கோடும்: தாளில் தெரிவதும் வடிவியல் சொல்வதும்

0.5 மி.மீ. முனையுள்ள பென்சிலால் இரண்டு கோடுகளைச் செங்குத்தாக வெட்டும்படி வரைந்தால், அவை சந்திக்கும் இடத்தில் ஒரு குட்டிச் சதுரம் விழும். அதன் மூலைவிட்டம் 0.7 மி.மீ. அதே பென்சிலால் 30° கோணத்தில் வெட்டவிட்டால் அந்த இடம் 1.9 மி.மீ. நீளமுள்ள சாய்சதுரமாகிவிடும். 10° என்றால் 5.7 மி.மீ. கோட்டின் தடிமனை, வெட்டும் கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் வகுத்தால் இந்த நீளம் வந்துவிடும். "இரண்டு கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும்" என்று படித்த மாணவர், அந்த ஆறு மில்லிமீட்டர் கறையில் கவராய முள்ளை எங்கே ஊன்றுவார்? கோணம் ஒன்றிரண்டு பாகை தள்ளிப்போவதும், கடைசிப் பக்கம் 3 மி.மீ. நீண்டுவிடுவதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

வடிவியல் சொல்லும் புள்ளிக்கு அளவே இல்லை. கோட்டுக்கு அகலம் இல்லை. பலர் இதை முதல் பாடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கத்தில் மறந்துவிடுகிறார்கள். உண்மையில், தாளிலோ தரையிலோ வரையும்போது பிழை எந்த வழியாக, எவ்வளவு நுழையும் என்று முன்கூட்டியே கணக்கிட உதவுவது இந்த வரையறைதான். அளவில்லாத புள்ளி என்ற ஒன்று நம் கணக்கில் இருப்பதால்தான், 5.7 மி.மீ. கறையைப் பிழை என்று சொல்ல முடிகிறது.

வரையறுக்காமல் விட்ட சொற்கள்

கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் தொகுத்த 'எலிமெண்ட்ஸ்' நூலின் முதல் பகுதி 23 வரையறைகளோடு தொடங்குகிறது. பகுதிகள் இல்லாதது புள்ளி. அகலமற்ற நீளம் கோடு. கோட்டின் முனைகள் புள்ளிகள். நேர்கோட்டுக்கு அவர் தந்த விளக்கம், தன் மேலுள்ள புள்ளிகளோடு சமமாகக் கிடப்பது என்பது. 'சமமாகக் கிடப்பது' என்றால் என்ன என்று கேட்டால் அங்கே பதில் இல்லை. யூக்ளிட்டே பிறகு எந்த நிரூபணத்திலும் இந்த வரிகளைப் பயன்படுத்தவில்லை. அவர் முக்கியமாக நம்பியிருப்பது ஐந்து எடுகோள்களை, அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்ட விதிகளை: எந்த இரு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம், அதை நீட்டலாம், எந்த மையத்திலும் எந்த ஆரத்திலும் வட்டம் வரையலாம், செங்கோணங்கள் எல்லாம் சமம், பிறகு இணைகோடுகளைப் பற்றிய ஐந்தாவது.

1899-ல் ஜெர்மன் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் இந்த அடித்தளத்தைத் திருத்திக் கட்டியபோது, புள்ளி, கோடு, தளம் ஆகிய மூன்றையும் வரையறுக்காமலே விட்டார். 'மேல் அமைவது', 'இடையில் இருப்பது', 'சர்வசமமாக இருப்பது' என்ற உறவுகள் எந்த விதிகளுக்குக் கட்டுப்படும் என்பதை மட்டும் எழுதினார். விதிகளுக்கு எது பொருந்துகிறதோ அது புள்ளி, அது கோடு.

இதன் வலு ஒரு சின்ன எடுத்துக்காட்டில் தெரியும். 7 பேரை 1 முதல் 7 வரை எண்ணிட்டு, மூவர் மூவராக 7 குழுக்கள் அமையுங்கள்: 123, 145, 167, 246, 257, 347, 356. எந்த இருவரை எடுத்தாலும் அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் குழு ஒன்றே ஒன்றுதான். எந்த இரு குழுக்களை எடுத்தாலும் பொதுவாக இருப்பவர் ஒருவர்தான். ஆட்களைப் 'புள்ளி' என்றும் குழுக்களைக் 'கோடு' என்றும் கொண்டால், "இரு புள்ளிகள் வழியே ஒரே ஒரு கோடு" என்ற விதி இங்கே பிசிறின்றிப் பொருந்துகிறது. இத்தாலியக் கணிதவியலாளர் ஜீனோ ஃபானோவின் பெயரால் இதை ஃபானோ தளம் என்பார்கள். பென்சிலும் இல்லை, அளவுகோலும் இல்லை. ஆனாலும் இது வடிவியல். அந்த ஒரு விதியை மட்டும் வைத்து நிரூபித்த எந்தத் தேற்றமும் இந்த 7 பேருக்கும் பொருந்தும். "இரண்டு வெவ்வேறு கோடுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொதுப் புள்ளி இருக்க முடியாது" என்பது அப்படி ஒன்று: இரண்டு பொதுப் புள்ளிகள் இருந்தால், அந்த இரண்டின் வழியே இரு கோடுகள் போகின்றன என்றாகும், விதி அதைத் தடுக்கிறது.

யூக்ளிட்டின் படத்தை நம்பிய ஓட்டைகளும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் வெளியே வந்தன. முதல் தேற்றத்திலேயே AB-ஐ ஆரமாகக் கொண்டு A-யிலும் B-யிலும் இரு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியைக் கொண்டு சமபக்க முக்கோணம் அமைக்கிறார். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்று படத்தில் தெரிகிறது. ஐந்து எடுகோள்களில் எதுவும் அதைச் சொல்லவில்லை. ஆயத்தொலைவுகள் இரண்டும் பின்னங்களாக, அதாவது இரு முழு எண்களின் விகிதமாக உள்ள புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு தளத்தை நினைத்துப் பாருங்கள். AB = 1 எனில் வெட்டுப்புள்ளியின் உயரம் √3/2. அது பின்னம் அல்ல. அந்தத் தளத்தில் இரு வட்டங்களும் ஒன்றையொன்று தொடாமலே கடந்துவிடும்.

கோடு, கதிர், கோட்டுத்துண்டு

இரு பக்கமும் முடிவின்றிச் செல்வது கோடு. ஒரு முனையில் தொடங்கி மறுபக்கம் முடிவின்றிச் செல்வது கதிர். இரு முனைகளுக்குள் அடங்குவது கோட்டுத்துண்டு. நீளம் உள்ளது கோட்டுத்துண்டுக்கு மட்டுமே, "AB என்ற கோட்டின் நீளம் 7 செ.மீ." என்று எழுதினால் அது தவறு.

கோட்டுக்கும் துண்டுக்கும் AB என்றாலும் BA என்றாலும் ஒன்றுதான். கதிருக்கு அப்படியல்ல. கதிர் AB தொடங்குவது A-யில், கதிர் BA தொடங்குவது B-யில். இரண்டுக்கும் பொதுவானது துண்டு AB மட்டும். தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றில் இந்த வேறுபாடு நன்றாகச் சோதிக்கப்படும். ஒரு கோட்டின் மேல் A, B, C, D என்ற வரிசையில் நான்கு புள்ளிகள். கோட்டுத்துண்டுகள் எத்தனை? AB, AC, AD, BC, BD, CD என 6. கதிர்கள் எத்தனை? பலர் 12 என்பார்கள், ஏனென்றால் இரண்டெழுத்துப் பெயர்கள் 12 உண்டு. ஆனால் AB, AC, AD மூன்றும் ஒரே கதிரின் பெயர்கள். அப்படிச் சேர்த்துப் பார்த்தால் AB, BA, BC, CA, CD, DA என 6 கதிர்களுக்கே இந்த எழுத்துகளால் பெயரிட முடியும். நான்கு புள்ளிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் இரு திசைகளில் கதிர்கள் கிளம்புவதால் மொத்தம் 8 உண்டு. A-யிலிருந்து B-க்கு எதிர்ப்பக்கம் போவதற்கும், D-யிலிருந்து C-க்கு எதிர்ப்பக்கம் போவதற்கும் பெயரிட இன்னும் ஒரு புள்ளி வேண்டும். விடை 6-ஆ 8-ஆ என்பது கேள்வியின் சொற்களைப் பொறுத்தது.

7 செ.மீ. துண்டில் எத்தனை புள்ளிகள் என்று கேட்கும் பிள்ளையை, "எண்ணற்றவை" என்று மட்டும் சொல்லி உட்கார வைத்துவிடக் கூடாது. எந்த இரு புள்ளிகளுக்கு இடையிலும் நடுப்புள்ளி ஒன்று உண்டு. அதற்கும் முதல் புள்ளிக்கும் நடுவே இன்னொன்று. ஆகவே ஒரு புள்ளிக்கு 'அடுத்த புள்ளி' என்று ஒன்று கிடையாது. இன்னும் ஒரு படி போகலாம். 7 செ.மீ. அடிப்பக்கமுள்ள முக்கோணத்தில், அடிக்கு இணையாக 1 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு வரையுங்கள். உச்சியிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு கோடும் சிறிய துண்டில் ஒரு புள்ளியையும் பெரிய துண்டில் ஒரு புள்ளியையும் இணைக்கும். எதுவும் விடுபடாது, எதற்கும் இரண்டு இணை வராது. 1 செ.மீ. துண்டிலும் 7 செ.மீ. துண்டிலும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன. நீளம் என்பது புள்ளிகளை எண்ணி வருவதல்ல, இரு முனைகளுக்கு இடையிலான தொலைவு என்பது இதில் நன்றாக விளங்கும்.

அன்றாடக் கணக்கில் இதை மறந்தால் காசு நட்டம். 30 அடி வேலிக்கு 5 அடிக்கு ஒரு கல் என்றால் 6 கல் வாங்கினால் போதாது. இடைவெளி 6, கல் 7. நான்கு பக்கமும் சுற்றி வரும் 120 அடி வேலிக்கு மட்டும் 24 இடைவெளி, 24 கல், ஏனென்றால் அங்கே முதல் கல்லே கடைசிக் கல். அளவுகோலின் முனை தேய்ந்துபோய் 1-லிருந்து அளக்கும் மாணவர், 8-ல் முடிந்ததைப் பார்த்து 8 செ.மீ. என்று எழுதுவதும் இதே பிழைதான்.

நான்கு கோடுகள் ஏன் இரண்டு புள்ளிகளில் வெட்டாது

தளத்தில் நான்கு புள்ளிகள் இருந்தால், அவற்றை இரண்டிரண்டாக இணைக்கும் கோடுகள் எத்தனை? நான்கும் ஒரு கோட்டமைந்தவை என்றால் 1. மூன்று மட்டும் ஒரு கோட்டில் என்றால் 4. எந்த மூன்றும் ஒரு கோட்டில் இல்லை என்றால் 6. பொதுவாக n புள்ளிகளுக்கு அதிகபட்சம் n(n−1)/2. நான்கில் 2, 3, 5 வரவே வராது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம்: நான்கு வெவ்வேறு கோடுகள் எத்தனை புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும்? எல்லாம் இணை என்றால் 0. எல்லாம் ஒரு புள்ளி வழியே போனால் 1. மூன்று இணைகோடுகளை ஒன்று வெட்டினால் 3. இரண்டு சோடி இணைகோடுகள் என்றால் 4. ஒரு சோடி மட்டும் இணையாகவும் எந்த மூன்றும் ஒரு புள்ளியில் சேராமலும் இருந்தால் 5. அதிகபட்சம் 6. பட்டியலில் 2 இல்லை. வரைந்து பார்த்துக் கிடைக்கவில்லை என்பது நிரூபணம் ஆகாது, காரணம் இதோ.

வெட்டுப்புள்ளிகள் P, Q என்ற இரண்டு மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். P வழியே குறைந்தது இரு கோடுகள் போகின்றன. அவற்றில் ஒன்று மட்டுமே Q வழியாகவும் போக முடியும். ஆகவே P வழியே போய் Q-ஐத் தொடாத ஒரு கோடு உண்டு. அதை l என்போம். அதேபோல் Q வழியே போய் P-ஐத் தொடாத கோடு m உண்டு. l-உம் m-உம் வெட்டினால் மூன்றாவது புள்ளி வந்துவிடும். எனவே அவை இணை. P வழியே m-க்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் இருக்க முடியும். ஆகவே l போல இன்னொன்று இல்லை. அதே காரணத்தால் m போலவும் இன்னொன்று இல்லை. அப்படியானால் P வழியே செல்லும் இரண்டாவது கோடு PQ-தான். மீதி நான்காவது கோடு. அது P, Q இரண்டையும் தொடாது. எனவே l, PQ இரண்டுக்கும் அது இணையாக இருந்தாக வேண்டும். ஆனால் l-உம் PQ-உம் P-யில் வெட்டுகின்றன. ஒரு புள்ளி வழியே ஒரே கோட்டுக்கு இரு இணைகோடுகள் வர முடியாது. எனவே நான்காவது கோட்டுக்கு இடமே இல்லை. மூன்று கோடுகள் என்றால் 2 வெட்டுப்புள்ளிகள் தாராளமாக வரும்: இரண்டு இணைகோடுகளும் ஒரு குறுக்குவெட்டியும்.

இந்த நிரூபணத்தைத் தாங்கி நிற்பது "ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஒரு இணைகோடு" என்ற விதி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இணைகோட்டு எடுகோளின் பலத்தைக் காட்ட இதைவிட நல்ல கணக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது எடுகோளும் தலைகீழான தேற்றங்களும்

அந்த விதியை இப்படி எளிமையாக எழுதிப் பரப்பியவர் ஜான் பிளேஃபேர், 1795-ல். யூக்ளிட்டின் ஐந்தாவது எடுகோள் வேறு வடிவில் உள்ளது: இரு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது ஒரே பக்க உட்கோணங்களின் கூடுதல் 180°-க்குக் குறைவாக இருந்தால், அந்தப் பக்கம் நீட்டினால் இரு கோடுகளும் சந்திக்கும். முதல் 28 தேற்றங்களை யூக்ளிட் இதைத் தொடாமலே நிரூபிக்கிறார். 29-ல்தான் முதன்முறை எடுக்கிறார்.

அந்த எல்லைக்கோடு வகுப்பறையில் கவனிக்கத்தக்கது. 27, 28 ஆகிய தேற்றங்கள் சொல்வது: ஒன்றுவிட்ட உட்கோணங்களோ ஒத்த கோணங்களோ சமமாக இருந்தால் கோடுகள் இணை. 29 சொல்வது: கோடுகள் இணையாக இருந்தால் அந்தக் கோணங்கள் சமம். முன்னதற்கு ஐந்தாவது எடுகோள் வேண்டாம், பின்னதற்கு வேண்டும். மாணவர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, படத்தில் இணை என்று குறியிடாத கோடுகளுக்கும் "ஒத்த கோணங்கள் சமம்" என்று எழுதிவிடுகிறார். குறுக்குவெட்டி எந்த இரு கோடுகளை வெட்டினாலும் ஒத்த கோணங்கள் உண்டு. சமமாக இருக்க அந்தக் கோடுகள் இணையாக இருக்க வேண்டும். மூலைமட்டத்தை அளவுகோலோடு ஒட்டி நகர்த்தி இணைகோடு வரையும்போது நாம் நம்புவது 28-ஐ: மூலைமட்டத்தின் கோணம் மாறவில்லை, எனவே கோடுகள் இணை. அளவுகோல் நடுவில் அரை மில்லிமீட்டர் வழுக்கித் திரும்பினால் அந்த நம்பிக்கை போய்விடும். ஆகவே இடது கையின் அழுத்தம் முழுதும் அளவுகோலின் மேல் இருக்க வேண்டும், மூலைமட்டத்தின் மேல் அல்ல.

ஐந்தாவது எடுகோளை மற்ற நான்கிலிருந்து நிரூபிக்கும் முயற்சிகள் இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்தன. லோபசெவ்ஸ்கி 1829-லும் போல்யாய் 1832-லும் அதை மறுத்தும் முரண் எதுவும் தட்டாமல் ஒரு வடிவியலை வளர்த்துக் காட்டினார்கள். நம் காலடியிலேயே இன்னொரு வடிவியல் உண்டு. பூமி உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது பெருவட்டத்தின், அதாவது பூமியின் மையத்தையே மையமாகக் கொண்ட வட்டத்தின், ஒரு பகுதியில் அமரும். அங்கே 'நேர்கோடு' என்றால் பெருவட்டம்தான். எந்த இரு பெருவட்டங்களும் எதிரெதிரான இரு புள்ளிகளில் வெட்டும். அங்கே இணைகோடே கிடையாது. அட்சரேகைகள் இணையாகத் தெரிந்தாலும், நிலநடுக்கோட்டைத் தவிர மற்றவை இந்தப் பொருளில் கோடுகள் அல்ல. டோக்கியோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் ஏறக்குறைய 35° வடக்கில் உள்ளவை. ஆனால் இரண்டுக்கும் இடையே உருண்டையில் பிடித்த நூல் அட்சரேகை வழியே போகாமல் 45°-ஐத் தாண்டி வடக்கே ஏறித்தான் இறங்கும்.

மையக்குத்துக்கோடு: ஆரம் எவ்வளவு?

AB = 7 செ.மீ. துண்டுக்கு மையக்குத்துக்கோடு, அதாவது அதை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு வரைய வேண்டும். A-யில் முள்ளை ஊன்றி மேலும் கீழும் ஒரு வில், அதே ஆரத்தில் B-யிலிருந்து மேலும் கீழும் ஒரு வில். வெட்டும் இரு புள்ளிகளை இணைத்தால் முடிந்தது. "ஆரம் AB-யில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்" என்று பாடம் சொல்கிறது. எவ்வளவு மேல் என்று சொல்லாமல் விடுவது பெரிய குறை.

3.6 செ.மீ. எடுத்தால் விதிப்படி சரிதான். ஆனால் விற்கள் AB-யிலிருந்து வெறும் 0.84 செ.மீ. உயரத்தில், ஏறக்குறைய 27° கோணத்தில் உரசிக்கொண்டு வெட்டும். வெட்டுப்புள்ளி நீண்ட கறையாகிவிடும். 5 செ.மீ. எடுத்தால் 3.57 செ.மீ. உயரத்தில் விற்கள் கிட்டத்தட்ட 89° கோணத்தில் வெட்டும். கறை மிகச் சிறியது. AB-யின் நீளத்தை √2-ஆல் வகுத்தால், அதாவது 0.7-ஆல் பெருக்கினால், இந்தச் சிறந்த ஆரம் கிடைக்கும். 7 செ.மீ.யே எடுத்தால் 60°-ல் வெட்டும், அதுவும் ஏற்கத்தக்கதே.

கவராயம் வழுக்கினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். A-யிலிருந்து இரு விற்களும் 5 செ.மீ. ஆரத்தில் வரைந்த பிறகு, B-க்கு மாற்றும்போது அது 5.1 ஆகிவிட்டது என்று வையுங்கள். மேல், கீழ் இரு வெட்டுப்புள்ளிகளும் A பக்கம் 0.7 மி.மீ. சமமாக நகரும். வரும் கோடு AB-க்குச் செங்குத்தாகவே இருக்கும். நடுப்புள்ளியை மட்டும் தவறவிடும். ஆனால் மேல் விற்கள் இரண்டையும் 5-லும், கீழ் விற்களில் B-யினதை மட்டும் 5.1-லும் வரைந்தால், கோடு அரைப் பாகைக்குச் சற்று மேல் சாய்ந்துவிடும். இதே வழுக்கல் 3.6 செ.மீ. ஆரத்தில் நேர்ந்தால் சாய்வு ஏறக்குறைய 1.6°. இரு வெட்டுப்புள்ளிகளும் 1.9 செ.மீ. இடைவெளியில் நெருங்கிக் கிடப்பதே காரணம். ஒரு கோட்டைத் தீர்மானிக்க இரு புள்ளிகள் போதும் என்பது தேற்றம். அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அந்த அளவுக்குக் கோட்டின் திசை உறுதியாகும் என்பது வரைபவர் சேர்த்துக்கொள்ள வேண்டியது. முனை மழுங்கிய பென்சிலும் தளர்ந்த திருகாணியும் மதிப்பெண்ணைத் தின்னும். வரையத் தொடங்கும் முன் கவராயக் கீலை இறுக்கிப் பாருங்கள்.

பரங்கிமலை அடிக்கோடு

இரு புள்ளிகளுக்கு இடையிலான ஒரு கோட்டுத்துண்டை மிகக் கவனமாக அளந்த நிகழ்ச்சி ஒன்று சென்னையில் நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், வடக்கே பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறக்குறைய 7.5 மைல், அதாவது 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணிக்கு அதுவே தொடக்கம். ஒரு பக்கம் தெரிந்தால், இரு கோணங்களை அளந்தே மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடியாகும். அதனால் முதல் துண்டில் வரும் பிழை எல்லா முக்கோணங்களுக்கும் அதே விகிதத்தில் தொற்றும்.

அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். எஃகு ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் மீட்டருக்கு ஏறக்குறைய 0.0115 மி.மீ. நீளும். 10° வெப்ப வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் ஒரு சங்கிலிக்கு 3.5 மி.மீ., 12 கி.மீ.க்கு 1.4 மீட்டர் பிழை. சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, வெப்பமானி பார்த்துத் திருத்தியது அதனால்தான். நேர்கோட்டிலிருந்து விலகும் பிழை இதோடு ஒப்பிட்டால் சாது. 100 அடிச் சங்கிலியின் ஒரு முனை பக்கவாட்டில் முழுதாக ஓர் அடி விலகினாலும் நீளத்தில் வரும் பிழை 1.5 மி.மீ.தான், விலகல் பாதியானால் பிழை கால்வாசியாகிவிடும். வெப்பத்தில் அந்தச் சலுகை இல்லை.

பூமி வளைந்திருப்பதால் அந்தக் 'கோடு' உண்மையில் ஒரு வில். 12 கி.மீ. வில்லுக்கும் அதன் நாணுக்கும் நீளத்தில் உள்ள வேறுபாடு 2 மி.மீ.க்கும் குறைவு. ஆனால் நடுவில் வில் நாணைவிட 2.8 மீட்டர் உயர்ந்திருக்கும். நீளம் பார்ப்பவர் வளைவை ஏறக்குறைய மறந்துவிடலாம்; முனையிலிருந்து முனையைப் பார்க்க வேண்டியவர் மறக்க முடியாது. முனைகளுக்குக் குன்றுகளைத் தேர்ந்ததன் பயன் அது. குன்றே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்கள் புள்ளிகளாயின. 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. முக்கோணத்தில் எந்தக் கோணமும் 30°-க்குக் குறையாமலும் 120°-ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்வது இன்றும் அளவையாளர்களின் வழக்கம். கூர்ங்கோணத்தில் வெட்டும் பார்வைக்கோடுகள் புள்ளியைத் தெளிவாகத் தராது.

மனையில் நூல் பிடிக்கும்போது

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன் மூலைகளைக் குறிக்கும் வேலையில் மேலே சொன்ன எல்லாமே ஒன்றுசேர்கின்றன. 30 × 40 அடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் முன்பக்கக் கோட்டை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். முளைகளை மூலையிலேயே அடிக்கக் கூடாது. குழி தோண்டும்போது அவை போய்விடும். மூலைக்கு வெளியே 3 அடி தள்ளி அடித்து, முளையின் தலையில் ஆணி வைத்து நூல் கட்டினால், இரண்டு நூல்கள் வெட்டும் இடமே மூலைப்புள்ளி. நூலை அவிழ்த்துத் தோண்டி முடித்த பின் மறுபடி கட்டினாலும் அந்தப் புள்ளி அதே இடத்தில் கிடைக்கும். தூக்குக்குண்டு விட்டால் குழியின் அடியிலும் கிடைக்கும். நூலுக்கும் தடிமன் உண்டு என்பதால், எல்லா அளவையும் நூலின் ஒரே ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அடுத்தது செங்கோணம். மேஸ்திரிகள் 3-4-5 பிடிப்பார்கள்: ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி, குறுக்கே 5 அடி. முறை சரி, அளவுதான் சிறியது. குறுக்களவில் ஓர் அங்குலம் கூடிவிட்டால் கோணம் 92° ஆகிவிடும். 30 அடி சுவரின் மறுமுனை ஓர் அடிக்கு மேல் விலகும். 6-8-10 பிடித்தால் அதே ஓர் அங்குலப் பிழை 91° தரும், மறுமுனை விலகல் ஆறேகால் அங்குலம். 9-12-15 என்றால் நாலு அங்குலம் சொச்சம். டேப் தொய்யாமல் பிடிக்க இருவர் இருந்தால் 9-12-15-க்குக் குறைந்து எதற்கும் போக வேண்டாம்.

கடைசியாக மூலைவிட்டம். 30 × 40-க்கு இரண்டும் 50 அடி வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தாலே செவ்வகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இருசமபக்கச் சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமம்தான். எதிர்ப்பக்கங்கள் 30, 30 என்றும் 40, 40 என்றும் சரிபார்த்த பிறகே மூலைவிட்டத்துக்கு மதிப்பு. பக்கங்கள் சரியாக இருந்து மூலைவிட்டங்கள் மட்டும் வேறுபட்டால், உருவம் இணைகரமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். இந்த அளவுள்ள மனைக்கு, இரண்டின் வித்தியாசத்தை 1.2-ஆல் வகுத்தால் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கிடைக்கும். 3 அங்குலம் வேறுபட்டால் 30 அடிப் பின்பக்கத்தின் இரு மூலைகளையும், நீண்ட மூலைவிட்டம் குறையும் திசையில், அதே நூலின் மேலேயே இரண்டரை அங்குலம் தள்ளி, பக்கவாட்டு நூல்களை மாற்றிக் கட்டி, நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசம் இரண்டு நூலுக்குள், அதாவது கால் அங்குலத்துக்குள் வந்த பிறகு சுண்ணாம்புத்தூள் போடலாம்.